கூப்பர் ஓடை: கடலைக் காணாத ஆறும் கடைமடைக்காரர் உரிமையும்

ஆறு என்று சொன்ன அளவில் நம் எல்லோருடைய மனத்திலும் ஓர் உருவம் தோன்றும். அது மலையிலே பிறக்கும். வழியிலே கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு பெருகும். செல்லச் செல்ல நீர் மிகும். முடிவில் கடலிலே கலக்கும். பள்ளிக்கூடப் புத்தகம் நமக்குக் கற்பித்த இலக்கணம் இது. இந்த இலக்கணத்துக்குப் பெரும்பாலும் உட்படாத ஆறு ஒன்று ஆஸ்திரேலியக் கண்டத்தின் வறண்ட உள்நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் கூப்பர் கிரீக். கிரீக் என்பது அந்நாட்டு வழக்கில் ஓடையைக் குறிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமும், வெள்ளக் காலத்தில் சில இடங்களில் அறுபது கிலோமீட்டர் அகலமும் கொண்டதாயினும் அதற்கு ஓடை என்றே பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அது ஓடுவதில்லை. ஓடும்போதும் செல்லச் செல்ல நீர் குறைகிறது. கடலை அது ஒருநாளும் காண்பதில்லை.

எங்கோ இருக்கும் ஓர் ஓடையைப் பற்றி, நெசவாளரும் விவசாயிகளும் படிக்கின்ற இவ்விதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. இவ்வோடையின் கரையில் பெரிய அளவிலே பருத்தி பயிரிட வேண்டும் என்று ஒரு திட்டம் எழுந்தது. அந்த ஓடையை நம்பி வாழ்பவர்கள் ஒன்றுகூடி ஆராய்ந்து, அது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பருத்தியை விளைவிப்போரும் பருத்தி நூலை நெய்வோருமாகிய நாம், அவர்கள் ஏன் அவ்வாறு முடிவு செய்தார்கள் என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. அதற்கு முதலில் அந்த ஓடையின் இயல்பை அறிய வேண்டும்.

ஓடையின் போக்கு

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குவீன்ஸ்லாந்து என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் நடுப்பகுதி மேட்டு நிலங்களில் தாம்சன், பார்க்கூ என இரண்டு ஆறுகள் தோன்றுகின்றன. தாம்சன் லாங்ரீச் என்னும் ஊரின் வழியாகவும், பார்க்கூ பிளாக்கால், இசிஸ்ஃபோர்டு என்னும் ஊர்களின் வழியாகவும் வந்து, விண்டோரா என்னும் சிற்றூருக்கு வடக்கே ஒன்றாகின்றன. அவ்விடத்திலிருந்துதான் கூப்பர் ஓடை என்னும் பெயர் தொடங்குகிறது. இரண்டு ஆறுகள் கூடி ஓர் ஓடையாகும் விந்தை இங்கேதான் உண்டு என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அங்கிருந்து ஓடை தென்மேற்காகச் செல்கிறது. நிலம் ஏறத்தாழ மட்டமானது. கிலோமீட்டருக்கு ஒரு சாண் அளவே தாழ்கிறது. அதனால் வெள்ளம் ஒரே வாய்க்காலில் அடங்கி ஓடுவதில்லை. பின்னிய கூந்தலை அவிழ்த்துவிட்டாற்போல எண்ணற்ற கால்களாகப் பிரிந்து பரவுகிறது. இக்காரணத்தால் அந்நிலப்பகுதிக்கே வாய்க்கால் நாடு என்னும் பொருள்படப் பெயர் அமைந்துவிட்டது. பின்னர் ஓடை நப்பா மெரி என்னும் பண்ணையைக் கடந்து, தென் ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் புகுந்து, இன்னமிங்கா என்னும் சிற்றூரை அடைகிறது. அதற்கப்பால் ஒரு கிளை வடமேற்கே திரும்பிக் கூங்கி ஏரிகளை நிரப்புகிறது. பெருவெள்ளக் காலங்களில் மற்றொரு கிளை ஸ்ட்ரெலெக்கி ஓடை என்னும் பெயருடன் தெற்கே செல்கிறது. எஞ்சிய நீர் மணற்குன்றுகளுக்கு இடையே மேற்கு நோக்கிச் சென்று, எப்போதாவது ஒருமுறை கட்டி தண்டா–அயர் ஏரியிற் போய்ச் சேர்கிறது.

அந்த ஏரியின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கீழே இருக்கிறது. கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. அதன் பரப்பு ஏறத்தாழ 9,500 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான ஆண்டுகளில் அதிலே நீரைவிட உப்புப் படலத்தையே மிகுதியாகக் காணலாம். அந்தப் படலத்தின்மீதுதான் 1964-ஆம் ஆண்டு ஜூலையில் டொனால்டு கேம்பெல் என்னும் ஆங்கிலேயர் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் வண்டியை ஓட்டி அந்நாளில் உலகச் சாதனை செய்தார். ஏரிக்குள் கார் ஓட்டும் நாடு அது. பத்தே ஆண்டுகளுக்குப் பின் 1974-இல் அதே ஏரியில் ஆறு மீட்டர் ஆழம் அளவுக்கு நீர் நின்றது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து நோக்கினால் அந்நாட்டு நீரின் தன்மை விளங்கும்.

இந்த ஏரியை நோக்கிச் சரியும் நிலப்பரப்பு முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஆறில் ஒரு பங்கு. நமது இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இவ்வளவு நிலத்தில் விழும் மழையில் ஒரு துளிகூட ஆற்றின் வழியாகக் கடலுக்குச் செல்வதில்லை.

மடுக்களும் வெள்ளமும்

கூப்பரின் வெள்ளம் வருவது பெரும்பாலும் கோடையில். டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்கள் அங்கே கோடைக்காலம். அப்போது வடக்கிலிருந்து பருவமழை உள்நாட்டுக்குள் நுழைந்தால் தாம்சனும் பார்க்கூவும் பெருகும். நுழையாவிட்டால் அந்த ஆண்டு வறட்சிதான். ஏரியின் சுற்றுப்புறத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 125 மில்லிமீட்டரே. ஆவியாகிப் போகும் நீரோ அதனைப்போலப் பன்மடங்கு. ஆகவே கீழே உள்ளவர்களுக்கு வாழ்வு, தங்கள் தலைமீது பெய்யும் மழையினால் வருவதன்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பிறர் நிலத்தில் பெய்த மழையினால் வருவது. மேகமே இல்லாத வானத்தின்கீழ் வெள்ளம் வந்து சேரும்.

அது வருவதும் மெல்ல மெல்லத்தான். மேலே விண்டோராவில் கண்ட வெள்ளம் இன்னமிங்காவை அடையப் பல வாரங்கள் ஆகும். ஏரியை அடைவதாயின் பல மாதங்கள் ஆகும். வழியில் உள்ள மண் கரிசல் போன்று வெயிலில் வெடித்து வாய் பிளந்து கிடப்பது. முதலில் வரும் நீரை அவ்வெடிப்புகள் குடிக்கின்றன. பிறகு பள்ளங்கள் நிரம்ப வேண்டும். பிறகு மடுக்கள் நிரம்ப வேண்டும். விண்டோராப் பகுதியிலிருந்து நப்பா மெரி வரையுள்ள நானூறு கிலோமீட்டர்ப் பயணத்தில் நீரில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

குறைந்துபோன அந்த நீர் எங்கே சென்றது? இக்கேள்விக்குரிய விடையே இக்கட்டுரையின் உயிர்நிலை. அது புல்லாயிற்று. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் அச்சமவெளி முழுவதும் தீவனப் பூண்டுகளும் புற்களும் முளைத்து, மாடுகள் வயிறார மேய்கின்றன. அது மீனாயிற்று. வறண்ட காலத்தில் மடுக்களில் ஒடுங்கியிருந்த மீன்கள் வெள்ளத்தோடு வெளியேறிச் சமவெளியெங்கும் இரை தின்று பெருகுகின்றன. ஈரமின்றிப் பல ஆண்டுகள் மண்ணிலே கிடந்த சிற்றிறால்களின் முட்டைகள் நீர் பட்டதும் பொரிக்கின்றன. அவற்றை நாடிக் கூழைக்கடா முதலிய நீர்ப்பறவைகள் கடற்கரையிலிருந்தும் வந்து கூடு கட்டுகின்றன. கூங்கி ஏரிகள் 1987-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

வெள்ளம் நின்றபின் மிஞ்சுவன மடுக்கள். ஓடை சங்கிலியாயின் மடுக்கள் அதன் கண்ணிகள். இன்னமிங்காவுக்கு அருகேயுள்ள கல்லியமுர்ரா மடு சில இடங்களில் 28 மீட்டர் ஆழமுடையது. எத்தனை கடுமையான பஞ்சத்திலும் வற்றாதது. சுற்றிலும் பாலைவனம் சூழ்ந்திருக்க, அதன் கரையில் யூகலிப்டஸ் இனத்துப் பெருமரங்கள் நிழல் தருகின்றன.

பெயரிட்டவர்களும் வாழ்ந்தவர்களும்

இவ்வோடையைக் கண்ட முதல் ஐரோப்பியர் சார்லஸ் ஸ்டர்ட். 1845-ஆம் ஆண்டில் இவ்விடம் வந்த அவர், தென் ஆஸ்திரேலியாவின் நீதிபதியாயிருந்த சார்லஸ் கூப்பர் என்பாரின் பெயரை இதற்குச் சூட்டினார். நீரோட்டம் இல்லாததைக் கண்டமையால் ஆறு என்னாது ஓடை என்றார். மறு ஆண்டில் தாமஸ் மிட்செல் என்னும் வேறொருவர் மேலே பார்க்கூவைக் கண்டு, அது வடகடலுக்குச் செல்லும் பேராறு என்று எண்ணி மகிழ்ந்தார். 1847-இல் எட்மண்ட் கென்னடி அதன் வழியே நடந்து பார்த்தபோது அது தென்மேற்கே திரும்பி இந்த ஓடையாகவே முடிவது தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் தத்தம் நாட்டு ஆற்றின் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதனை அளந்தனர். இது அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை.

ஆனால் அவர்களுக்குப் பன்னெடுங் காலத்துக்கு முன்பிருந்தே யாண்ட்ருவாந்தா, யாவரவார்க்கா, டியரி முதலிய மக்கள் இக்கரைகளில் வாழ்ந்து வந்தனர். மடுக்களின் மீன், சமவெளியின் விதைகள், நார்டூ என்னும் நீர்ப்பூண்டின் விதை போன்ற காய்கள் ஆகியவை அவர்தம் உணவு. அரைகல்லும் செங்காவியும் அவர்களுடைய நெடுவழி வணிகப் பொருள்கள். வெள்ளம் வந்தால் பரந்தும், வற்றினால் மடுக்களின் அருகே ஒடுங்கியும் வாழும் முறையை அவர்கள் கண்டிருந்தனர்.

அந்த அறிவின் அருமையை விளக்கும் துயரக் கதை ஒன்று உண்டு. 1860-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராபர்ட் பர்க் என்பாரின் தலைமையில் பெருஞ்செலவில் ஒரு கூட்டத்தார் மெல்போர்னிலிருந்து புறப்பட்டுக் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்க முயன்றனர். அவர்களுடைய சுமைக்காகக் கராச்சித் துறைமுகத்திலிருந்து ஒட்டகங்களும், அவற்றை நடத்த நம் துணைக்கண்டத்து ஆட்களும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். கூப்பர் ஓடையில் ஒரு தங்குமுகாம் அமைத்து, பர்க், வில்ஸ், கிங், கிரே என்னும் நால்வர் வடகரை சென்று திரும்பினர். கிரே வழியில் இறந்தார். மற்ற மூவரும் 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மாலை முகாமை அடைந்தனர். அவர்களுக்காக நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் அன்று காலையிலேதான் முகாமைக் கலைத்துச் சென்றிருந்தனர். உணவு புதைத்த இடத்தைத் தோண்டும்படி மரத்திலே எழுதி வைத்திருந்தார்கள். அந்த மரம் நப்பா மெரியில் இன்றும் நிற்கிறது.

கையிருப்பு உணவு தீர்ந்தபின் மூவரும் நார்டூவை அரைத்து உண்டனர். ஆயினும் நாளுக்கு நாள் மெலிந்தனர். நார்டூவில் உடலின் பி-1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. அவ்வூர் மக்கள் அதனை நீர்விட்டு அரைத்துப் பக்குவம் செய்து உண்ணும் முறையை அறிந்திருந்தனர். வந்தவர்களோ அம்முறையை முழுமையாகக் கற்கவில்லை. பர்க்கும் வில்ஸும் கோடையின் கொடுமை நீங்கி, மீன் நிறைந்த மடுக்களின் அருகிலேயே மாண்டனர். கிங் ஒருவர் மட்டும் யாண்ட்ருவாந்தா மக்களுடன் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததை உண்டு, செப்டம்பரில் தேடி வந்தவர்களால் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார். ஓடையை அறிந்தவர்களோடு கூடி வாழ்ந்தவரே பிழைத்தார் என்பது இதன் பொருள்.

மந்தைகளின் வழி

தேடி வந்தவர்கள் புல்லைக் கண்டு சென்று சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மாட்டுப் பண்ணையாளர் வந்தனர். பழங்குடி மக்கள் தம் மடுக்களையும் நிலத்தையும் இழந்தனர். பலர் உயிரையும் இழந்தனர். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

பண்ணையாளருள் பெரும்புகழ் பெற்றவர் சிட்னி கிட்மன். 1857-இல் பிறந்த இவர், பதின்மூன்றாம் வயதில் ஐந்து ஷில்லிங்கும் ஒற்றைக்கண் குதிரையும் கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். இவருடைய உத்தி எளியது. மழை எங்கே பெய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகையால் ஒரே இடத்தில் நிலம் வாங்காமல், வெள்ளம் பரவும் ஓடைகளின் வழியே வரிசையாகப் பண்ணைகளை வாங்கினார். ஓரிடத்தில் புல் இல்லையேல் மந்தையை அடுத்த இடத்துக்கு ஓட்டுவார். மந்தை மேய்ந்துகொண்டே சந்தையை நோக்கி நடக்கும். தனி மனிதர் ஒருவர் தம் ஆதாயத்துக்காகச் செய்தது இது. ஆயினும் இதிலுள்ள உண்மை எல்லோருக்கும் பொது: நிச்சயமற்ற நீரை நம்பியவனுக்கு, பரந்து நிற்பதே பாதுகாப்பு.

கராச்சியிலிருந்து பின்னும் பல முறை ஒட்டகங்கள் வந்தன. பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து முதலிய இடங்களிலிருந்து வந்த ஒட்டகக்காரர்கள், ஆப்கானியர் என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டு, மாரீ என்னும் ஊரிலிருந்து வடக்கேயுள்ள பண்ணைகளுக்கு மாவும் சர்க்கரையும் கம்பியும் சுமந்து சென்று, திரும்பும்போது கம்பளி மூட்டைகளைக் கொண்டுவந்தனர். அந்தப் பாதை கூப்பரைக் குறுக்கே கடக்கிறது. பல ஆண்டுகள் மணலாகக் கிடக்கும் அவ்விடத்தில் வெள்ளம் வந்தால் படகு வேண்டும். 1949-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் பயன்பட்ட டாம் பிரென்னன் என்னும் படகு, இப்போது பாதையோரத்தில் வெறுந்தரையின்மீது நினைவுச் சின்னமாக நிற்கிறது.

1963-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிட்ஜியால்பா என்னுமிடத்தில் நிலத்தடி எரிவாயு கிடைத்தது. 1966-இல் மூம்பாவில் மேலும் பெரிய ஊற்று கிடைத்தது. 1969 முதல் அவ்வாயு குழாய் வழியே அடிலெய்டு நகருக்குச் சென்றது. இவ்வாறு புல்லுக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற ஓடையின் பெயர் எரிபொருள் வட்டாரத்துக்கும் ஆயிற்று.

பருத்தித் திட்டம்

ஓடும் நீரைக் கண்டால் தேக்க வேண்டும் என்று தோன்றுவது மனித இயல்பு. சிட்னித் துறைமுகப் பாலத்தோடு பெயர் இணைந்த பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்டு 1938-ஆம் ஆண்டில், வட குவீன்ஸ்லாந்தின் கடலோர ஆறுகளையே மலைக்கு இப்பால் திருப்பித் தாம்சன் வழியாக உள்நாட்டுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார். பிற்காலத்து ஆய்வுகள் அதன் செலவுக்கேற்ற வரவு இல்லை என்று காட்டின. அது ஏட்டோடு நின்றது.

1995-ஆம் ஆண்டில் வந்த திட்டம் அவ்வளவு பெரிதன்று. விண்டோராவுக்கு அருகே கர்ரரேவா என்னும் பண்ணையில் கூப்பரின் நீரை இறைத்துத் தேக்கிப் பருத்தி பயிரிட அனுமதி கோரப்பட்டது. ஆஸ்திரேலியருக்குப் பருத்தி புதிதன்று. 1960-களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நமோய் ஆற்றங்கரையிலுள்ள வீ வா என்னுமிடத்தில் தொடங்கிய பாசனப் பருத்தி, டார்லிங் ஆற்றின் கிளைகள் எங்கும் பரவி, அந்நாட்டுக்கு நல்ல வருவாய் தந்துகொண்டிருந்தது. ஏக்கருக்கு அவர்கள் எடுக்கும் விளைச்சல் உலகத்தாரால் மெச்சப்படுவது. விண்டோரா போன்ற சிற்றூருக்கு வேலையும் வணிகமும் வருமென்றால் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று.

எனினும் கரைவாசிகள் டார்லிங்கைப் பார்த்திருந்தார்கள். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆறு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு நச்சுப் பாசி படிந்து, மனிதரும் கால்நடையும் குடிக்கத் தகாததாயிற்று. மாநில அரசு நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. ஆகவே கூப்பரின் மாட்டுப் பண்ணையாளரும், சிற்றூர்வாசிகளும், கீழே இன்னமிங்காப் பக்கத்தாரும் ஒன்றுகூடினர். தம்முள் எல்லைத் தகராறுகளும் தொழிற்போட்டியும் உடையவர்களே அவர்கள். எனினும் ஆற்றைப் பொறுத்தவரை ஒரே சங்கத்தின் அங்கத்தினர் போல் நின்றனர். 1996-இல் ஆற்றியல் அறிஞர்கள் விண்டோராவுக்கே வந்து, ஊராரோடு அமர்ந்து, திட்டத்தை ஆராய்ந்தனர். முடிவில் குவீன்ஸ்லாந்து அரசு அத்திட்டத்துக்கு இடங்கொடுக்கவில்லை.

சராசரி என்னும் மயக்கம்

அந்த ஆராய்ச்சியில் எழுந்த ஒரு வாதத்தை இங்கே சற்று விரித்துரைப்போம். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் தொழிலில் இருக்கும் நமக்கு அது மிகவும் நெருங்கியது.

ஆற்றில் ஆண்டுதோறும் செல்லும் சராசரி நீரோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது சிறு பங்கே என்று பருத்திக்கு நீர் கேட்போர் சொல்லக்கூடும். கணக்கு பொய்யன்று. ஆனால் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் புனைந்த கணக்கே தவிர, கூப்பரின் அளவு அன்று. ஓர் ஓடையில் பத்து ஆண்டுகளில் நூறு பங்கு நீர் வருகிறது என்று கொள்வோம். சராசரி, ஆண்டுக்குப் பத்துப் பங்கு. ஒருவர் ஆண்டுக்கு இரண்டு பங்கு கேட்கிறார். ஐந்தில் ஒன்றுதானே என்று நாம் இசைந்துவிடுவோம். ஆனால் அந்த நூறு பங்கில் எண்பத்திரண்டு பங்கு ஒரே ஒரு பெருவெள்ள ஆண்டில் வந்து, எஞ்சிய ஒன்பது ஆண்டுகளிலும் இரண்டிரண்டு பங்கே வருமாயின், அந்த ஒன்பது ஆண்டுகளிலும் அவர் எடுப்பது முழு ஆற்றையும் அல்லவா? கீழே உள்ளவனுக்கு ஒரு துளியும் மிஞ்சாது. சராசரி ஏட்டில் மட்டும் எட்டுப் பங்கு மிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்.

நூறு அங்கத்தினர் கொண்ட சங்கத்தில் ஒருவருடைய பெரிய வைப்புத்தொகையால் சராசரிச் சேமிப்பு உயர்ந்து காணப்படுவதும், மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் கடனில் இருப்பதும் உண்டு. அச்சராசரியை நம்பிச் சங்கம் செழிக்கிறது என்று எழுதுகிற ஆய்வாளன் தன் கடமையைச் செய்தவனாகான். கூப்பர், உலகத்தின் மிக ஒழுங்கற்ற ஆறுகளுள் ஒன்று. அங்கே பெருவெள்ளத்தைவிடச் சிறு வெள்ளங்களே அருமையானவை. இரண்டு பெருவெள்ளங்களுக்கு இடையே மடுக்களை நிரப்பி, மீனையும் மரத்தையும் மாட்டையும் உயிரோடு வைத்திருப்பவை அவையே. இறைப்பதற்கு எளிதாகக் கைக்கு எட்டுபவையும் அவையே.

கடைமடைக்குப் போகும் நீரை வீணாகும் நீர் என்று தலைமடைக்காரன் எண்ணுவது எங்கும் உள்ள வழக்கம். கூப்பரில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. அங்கே வீணாகும் நீர் என்று ஒன்றுமில்லை. ஒருவன் நிலத்தைக் கடந்து செல்லும் நீர் அடுத்தவன் புல். அடுத்தவன் நிலத்தையும் கடந்தது அதற்கடுத்தவன் மீன். எல்லோரையும் கடந்து உப்பு ஏரியை அடைந்தது பறவையின் கூடு.

இன்றைய நிலை

இந்த அனுபவத்தின் விளைவாக 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மைய அரசும் குவீன்ஸ்லாந்தும் தென் ஆஸ்திரேலியாவும் அயர் ஏரி வடிநிலம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2004-இல் வட ஆட்சிப் பகுதியும் சேர்ந்தது. மேலே இருப்பவர் எடுக்கும் முடிவு கீழே இருப்பவரைப் பாதிக்கும் என்பதை அரசுகளே எழுத்தில் ஏற்றன. கரைவாசிகளின் குழுவும் அறிஞர்களின் குழுவும் ஆலோசனை கூற ஏற்பாடு செய்யப்பட்டது. 1990-களிலேயே அப்பகுதிப் பண்ணைக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, உரமும் நஞ்சும் படாத சமவெளிப் புல்லில் வளர்ந்த மாட்டிறைச்சியைப் பொதுவாக ஏற்றுமதி செய்யத் தொடங்கின. ஆற்றைக் கெடுக்காமல் வைத்திருந்ததே அவர்களுடைய சரக்குக்குத் தனி விலை தேடித் தந்தது.

வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2011-இல் கூப்பருக்குக் கிடைத்த சிறப்புப் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நீக்கப்பட்டு, வேறு சட்டத்தின்கீழ் பாதுகாப்பு தொடர்ந்தது. வெள்ளச் சமவெளிகளில் புதிதாக எரிவாயு தோண்டலாமா என்னும் விவாதம் நெடுநாள் நடந்து, 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்குக் குவீன்ஸ்லாந்து அரசு தடை அறிவித்தது. ஆற்றைக் காப்பது ஒருநாள் வேலையன்று. ஆண்டுதோறும் பேரேட்டைப் புதுப்பிப்பது போன்ற வேலை.

ஆறும் எப்போதும் அருளே செய்வதில்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பெய்த பெருமழையால் தாம்சன், பார்க்கூ, கூப்பர் கரைகளில் பல இடங்களில் 1974-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் விஞ்சிய வெள்ளம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் மாண்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலிகள் அழிந்தன. ஒரு பிறவி உழைப்பை ஒரு வாரத்தில் இழந்த குடும்பங்கள் உண்டு. வெள்ளத்தை நம்பி வாழ்வது என்பது அதன் கொடுமையையும் சேர்த்து ஏற்பதாகும்.

டார்லிங்கின் கதையையும் சொல்லி முடிப்பது முறை. 2018-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2019-ஆம் ஆண்டு ஜனவரியிலும் மெனிண்டீ என்னும் ஊரருகே அந்த ஆற்றில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வறட்சியோடு, மேலே அளவுக்கு மிஞ்சி நீர் எடுத்ததும் காரணம் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக் குழு கூறியது. பருத்திச் செடி குற்றவாளியன்று. எந்த ஆற்றில், எந்த ஆண்டில், யாருடைய பங்கிலிருந்து நீர் எடுத்தோம் என்பதே கேள்வி.

அந்தப் பருத்தி நமக்கும் வருகிறது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம், ஆண்டுக்கு 51,000 டன் வரை ஆஸ்திரேலியப் பருத்தி சுங்க வரியின்றி வர இடமளித்தது. நம் மாநிலத்து நூற்பாலைகளும் அதை வாங்குகின்றன. ஆகவே நம் தறிகளில் ஏறும் நூலில் டார்லிங்கின் நீர் இருக்கலாம். கூப்பரின் நீர் இல்லை. அது இல்லாமையினால் நம் தறி ஒன்றும் நின்றுவிடவில்லை. அங்கே இருநூறு, முந்நூறு மைல் கீழே உள்ள ஒரு மடுவில் மீன் இருக்கிறது.

கூட்டுறவு என்பதைப் பணத்தைச் சேர்த்து வைப்பது என்றே பலர் கருதுகின்றனர். எடுக்கக்கூடியதை எடுக்காமல் விட்டுவைக்க எல்லோரும் சேர்ந்து இசைவதும் கூட்டுறவே. கூப்பர் கரையார் செய்தது அதுதான். நம் சங்கங்களில் நீரோ, நூலோ, கடனோ எதைப் பங்கிட அமர்ந்தாலும், சராசரியைப் பார்த்து நிறைவடையாமல், மிகக் குறைந்த ஆண்டில் மிகக் கடைசியில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று ஒருமுறை கேட்போமாக. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அவரையும் மகாசபைக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைப்போமாக.